ஞானஸ்நானத்துக்கு மறுநாள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சபைகளின் ஆயர் ஐயாமாருக்கும், ஆயரம்மாமாருக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், உபதேசியார்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும்,

நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் ஸ்தோத்திரம்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு இயேசுவை அறிந்து, முழு மனதோடு ஞானஸ்நானம் எடுத்தேன். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நான்தான் முதல் ஆள். உங்களில் பலர் மூன்றாவது, நான்காவது தலைமுறைக் கிறிஸ்தவர்கள். தாத்தா உபதேசியாராக இருந்தார், பாட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று சொல்லக்கூடியவர்கள். பிறந்த வீட்டிலேயே உங்கள் காதில் விழுந்து பழகிப்போன விஷயங்கள் பலவற்றை எங்களைப் போன்றவர்கள் ஒன்றிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

எந்த ஒரு சபையையும் எந்த ஓர் ஆயரையும் குறிவைத்து எழுதவில்லை. நகரத்துப் பெரிய ஆலயங்களிலும் கிராமத்துச் சின்ன ஜெபவீடுகளிலும் நான் பார்த்தது ஒன்றுபோலவே இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன். ஒருவரைக் கிறிஸ்துவிடம் அழைத்துவர நீங்கள் படுகிற பாட்டில் பாதியாவது, வந்தவர் கிறிஸ்துவுக்குள் வளர்வதற்கும் படுங்கள். நான் கேட்க வந்தது இதைத்தான்.

ஒருவர் இயேசுவைத் தேடத் தொடங்கும்போது சபை அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. வீட்டுக்கு வருகிறார்கள், நோயில் ஜெபிக்கிறார்கள், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டுக்கூட அலைகிறார்கள். அந்த அன்பு உண்மையானது, நான் அனுபவித்தது. ஞானஸ்நான ஆராதனை நடக்கிறது. புது வேதாகமம் கையில் கொடுக்கிறார்கள், சபை எழுந்து நின்று பாடுகிறது, எல்லாரும் வந்து கை குலுக்குகிறார்கள். அதற்கு அடுத்த வாரம் சங்கக் காணிக்கைக்குப் பெயர் எழுதுகிறார்கள். அத்தோடு சரி. அதன்பின் அவர் 'இரட்சிக்கப்பட்டவர்' பட்டியலில் சேர்ந்துவிடுகிறார், சபையின் கவனம் அடுத்த ஆத்துமாவிடம் போய்விடுகிறது. அவரோ வேதாகமத்தைத் திறந்து ஆதியாகமத்தில் தொடங்கி, லேவியராகமம் வரும்போது ஒன்றும் புரியாமல் மூடிவைக்கிறார். யாரிடம் கேட்பது என்று தெரியாது. கேட்டால் விசுவாசம் குறைவு என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

ஆண்டவர் சீஷர்களுக்குக் கடைசியாகக் கொடுத்த கட்டளையை எல்லாருமே மனப்பாடமாகச் சொல்வோம். போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி, ஞானஸ்நானங்கொடுங்கள் என்பதோடு அது நிற்கவில்லை. 'நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி அவர்களுக்கு உபதேசம்பண்ணுங்கள்' என்று தொடர்கிறது. கைக்கொள்ளும்படி உபதேசிப்பது ஒரு நாள் வேலையா? பன்னிரண்டு பேரைத் தம்மோடேயே வைத்துக்கொண்டு, நடந்து, சாப்பிட்டு, அவர்கள் புரியாமல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர் சொன்ன வார்த்தை அது.

புதிதாக வந்தவருக்கு என்ன கேள்விகள் வரும் என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? திரித்துவம் எப்படி, முன்குறித்தல் எப்படி என்கிற இறையியல் கேள்விகளெல்லாம் பிறகுதான். மாசி மாதம் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊரே கூடும்போது அண்ணன் போன் போட்டு, 'தலைக்கட்டு வரி குடுக்கணும், நீ தருவியா மாட்டியா?' என்று கேட்பார். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயில் செலவுக்கு வாங்குகிற அந்தப் பணத்தைக் கொடுத்தால் விக்கிரக ஆராதனைக்குக் காசு கொடுத்ததாகுமா? கொடுக்காவிட்டால் பங்காளி, அண்ணன் தம்பி உறவே அறுந்துபோகுமே, அது தேவனுக்குப் பிரியமா? கெடா வெட்டி வீட்டுக்குக் கறிக்குழம்பு கொடுத்துவிட்டால் சாப்பிடலாமா, திருப்பி அனுப்பலாமா? அப்பா இறந்துபோனால் மகன் கொள்ளி வைக்கலாமா? இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவருகிற நீர்மாலைக்குப் போகலாமா? பதினாறாம் நாள் காரியத்தில் எந்த இடம்வரை நிற்பது, எந்த இடத்தில் விலகுவது? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மாமியாரை வைகைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போக வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால், கூட்டிப்போவது பாவமா? தலையில் மல்லிகைப்பூ வைக்கலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரே தெருவில் இருக்கும் இரண்டு விசுவாசிகள் எனக்கு இரண்டு பதில் சொன்னார்கள். மதுரையில் இருந்துகொண்டு மல்லிகைப்பூவைப் பற்றிக் குழம்புவது எவ்வளவு துக்கம் என்பது பெண்களுக்குப் புரியும்.

இவற்றுக்குச் சபையில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தை: 'கூடாது.' ஏன் கூடாது, எது கூடாது, எது பரவாயில்லை என்று உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. ஆனால் வேதாகமத்தில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் எட்டாம் அதிகாரத்தில் தொடங்கிப் பத்தாம் அதிகாரம்வரை பெரும்பகுதி இதைத்தான் பேசுகிறார். கொரிந்து பட்டணமும் கோயில்கள் நிறைந்த பட்டணம். அங்கே சபையில் இருந்தவர்களும் நேற்றுவரை அந்தக் கோயில்களில் விருந்து சாப்பிட்டவர்கள், இன்னும் அங்கே போகிற சொந்தக்காரர்கள் உள்ளவர்கள். பவுல் அவர்களுக்கு ஒரே வரியில் சட்டம் போடவில்லை. கர்த்தருடைய பந்திக்கும் பேய்களின் பந்திக்கும் ஒருசேரப் பங்காளியாக முடியாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார். கடையில் விற்கிறதை மனச்சாட்சியினிமித்தம் ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிப் புசியுங்கள் என்றும் சொல்கிறார். அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்து, உனக்குப் போக மனதிருந்தால் போ, வைக்கிறதைச் சாப்பிடு என்கிறார். இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவனுக்காகச் சாப்பிடாதே என்கிறார். உன் அதிகாரம் பலவீனருக்குத் தடுக்கலாகிவிடக் கூடாது என்று எச்சரிக்கிறார். இவ்வளவு நுணுக்கமான, இவ்வளவு அக்கறையான போதனை நம் கையிலேயே இருக்கிறது. அந்த மூன்று அதிகாரங்களையும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது வாசித்துக் காட்டியிருந்தால், அண்ணன் வீட்டு வாசலில் நான் நின்று அழுத அழுகை பாதியாகக் குறைந்திருக்கும்.

அந்த அண்ணன்தான் பிறகு ஒருமுறை சொன்னார்: 'ஆள் சேர்க்கிற வரைக்கும் வந்தாங்க. அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கலையே தாயி.' வெளியே நம்மைப் பற்றி எத்தனையோ குற்றச்சாட்டுகள் சொல்கிறார்கள், அவற்றில் பெரும்பாலானவை பொய் என்று என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும். இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கேள்விகளைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முதல் சந்தோஷம் வடிந்துபோகிற காலம். ஞானஸ்நானம் எடுத்த புதிதில் ஜெபிக்க உட்கார்ந்தாலே கண்ணீர் வரும், பாட்டைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். கொஞ்ச காலம் கழித்து அது நின்றுபோகிறது. ஜெபித்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கும். நூற்றாண்டுகளாகக் கர்த்தரைத் தேடினவர்கள் எல்லாரும் இந்த இடத்தைக் கடந்திருக்கிறார்கள். சங்கீதக்காரனே 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று கேட்டிருக்கிறான். ஆனால் புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. தன் விசுவாசம் செத்துப்போய்விட்டது என்று பயந்துவிடுகிறார். அப்புறம் என்ன செய்வார்? 'இந்தச் சபையில் ஆவி இல்லை' என்று அடுத்த சபைக்குப் போவார், அங்கேயும் வடிந்தவுடன் அதற்கடுத்த சபைக்கு. ஊரில் எங்கே பெரிய மைதானக் கூட்டம் நடந்தாலும் அங்கே போய், பழைய சிலிர்ப்பு திரும்ப வருமா என்று தேடுவார். சிலர் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். செல்லூரில் தறி ஓட்டிய ஒரு தம்பி அப்படிப் போனான். அருமையாகப் பாடுவான். ஏன் வரவில்லை என்று விசாரித்துச் சபையிலிருந்து ஒருவரும் அவன் வீட்டுக்குப் போகவில்லை.

ஜெபம் என்றால் கேட்பது என்று மட்டுமே எங்களுக்குச் சொல்லித் தரப்படுகிறது. வியாதிக்கு, வேலைக்கு, கடனுக்கு, மகள் கல்யாணத்துக்கு. கேட்பது தப்பில்லை, ஆண்டவரே கேட்கச் சொன்னார். ஆனால் கேட்டது கிடைத்த பிறகும், கிடைக்காமலே போன பிறகும் அவரோடு இருப்பதற்குக் கற்றுக்கொள்ள வேண்டுமே. முறையிடுகிற சங்கீதங்களை எப்படி ஜெபிப்பது, ஒன்றும் பேசாமல் அவர் சமுகத்தில் எப்படிக் காத்திருப்பது, ஒரு வசனத்தை நாள் முழுதும் மனதில் வைத்துக்கொண்டு அடுப்படியிலும் பஸ்ஸிலும் எப்படி அசைபோடுவது, இரவில் படுக்கும்முன் அன்றைய நாளை அவர்முன் எப்படி விரித்துப் பார்ப்பது, இவையெல்லாம் திருச்சபையின் சொத்து. பூட்டிவைத்த சொத்தாக இருக்கிறது.

பவுல் அப்போஸ்தலர் பிலிப்பியருக்கு எழுதும்போது சிறையில் இருந்தார். தமஸ்குவுக்குப் போகிற வழியில் கர்த்தரைக் கண்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன, எத்தனையோ சபைகளை நாட்டிவிட்டார். அந்த மனுஷர்தான் நான் அடைந்தாயிற்று என்று எண்ணவில்லை, ஆசையாய்த் தொடருகிறேன் என்று எழுதுகிறார். நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது தாம் கண்டுகொண்டது கிறிஸ்தவ மதத்தைத்தான், கிறிஸ்துவையே அறிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்துத்தான் என்று பிறகு சாட்சியாக எழுதினார். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் கிறிஸ்தவரானார். 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற அவருடைய பெரிய காப்பியம் அச்சில் வந்தது 1894இல். இடையில் முப்பத்தாறு ஆண்டுகள். கம்பனில் ஊறிய தமிழையெல்லாம் ஆண்டவரின் காலடியில் கொண்டுவந்து வைக்க ஒரு வாழ்நாளே அவருக்குத் தேவைப்பட்டது. இவர்களைப் பற்றிப் பிரசங்கங்களில் கேள்விப்படும்போதெல்லாம் மனம் மாறின நாளைப் பற்றி மட்டுமே சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்த நீண்ட வருஷங்களில் அவர்கள் எப்படி வளர்ந்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதல்லவா எங்களுக்கு வேண்டும்?

இதெல்லாம் புதுக் கோரிக்கை இல்லை. நாலாம் நூற்றாண்டில் எருசலேமில் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்களை, அதற்கடுத்த வாரத்தில் நாள்தோறும் ஆலயத்துக்கு வரவழைத்துப் போதித்தார்கள். நீங்கள் பெற்ற ஞானஸ்நானத்தின் பொருள் என்ன, நீங்கள் புசித்த அப்பத்தின் பொருள் என்ன என்று முழுக்குக்குப் பிறகுதான் விளக்கினார்கள். அந்தப் போதனைகள் இன்றும் எழுத்தில் இருக்கின்றன. கத்தோலிக்க சபையார் பெரியவர்களை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்கிற பழைய முறையை 1972இல் புதுப்பித்தபோது, ஈஸ்டருக்குப் பின்வரும் வாரங்களையும் அதில் ஒரு படியாகவே வைத்தார்கள்.

நம் மதுரைக்கே வருவோம். 1606இல் இங்கே வந்த ராபர்ட் தெ நோபிலி சுவாமியார் தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்று, மக்களோடு நாள்கணக்கில் பேசி விவாதித்து, விசுவாசிகளுக்காகத் தமிழிலேயே பெரிய பெரிய போதனை நூல்களை எழுதினார். சாதி விஷயத்தில் அவர் எடுத்த நிலை எனக்கு ஏற்புடையதில்லை. ஆனால் கேள்வி கேட்கிறவரோடு உட்கார்ந்து முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற பொறுமை அவரிடம் இருந்தது. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் வேலை தொடங்கியது. 1842இல் திருமங்கலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்து, 1845இல் அதைப் பசுமலைக்குக் கொண்டுவந்தார்கள். கிராமத்துச் சபைகளில் வேலை செய்ய உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவது அதன் முக்கிய நோக்கம். உபதேசியார் கிராமத்திலேயே குடியிருப்பார். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களைக் கூட்டிவைத்து வேதம் வாசிப்பார், பத்துக் கற்பனையும் விசுவாசப் பிரமாணமும் சொல்லிக் கொடுப்பார், சண்டை வந்தால் விலக்குவார், சாவு விழுந்தால் கூட நிற்பார். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி வயதுக்காரர்கள் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்வதை நான் கிராமங்களில் கேட்டிருக்கிறேன். அந்த உபதேசியார்களின் உழைப்பு அது. இன்று பல ஊர்களில் உபதேசியாருக்குத் தங்க வீடுமில்லை, சரியான சம்பளமுமில்லை. நகரத்துச் சபைகளில் அந்தப் பொறுப்பே மறைந்துபோய்விட்டது.

அந்த மிஷன்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சாதியை விட்டுவிடாதவர்கள் சபையில் உறுப்பினராக இருக்க முடியாது என்று தீர்மானித்து, எல்லாரோடும் சேர்ந்து உண்பதை அதற்கு அடையாளமாகக் கேட்டது. அதனால் பலரை இழந்தார்கள், ஆனாலும் கேட்டார்கள். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் பேசும்போது இதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. கமிட்டித் தேர்தல் வந்தால் சாதிக் கணக்குப் போடுகிறோம். பெண் பார்க்கும்போது 'நம்ம ஆளுங்கதானா?' என்று கேட்டுவிட்டுத்தான் இரட்சிப்பைப் பற்றிக் கேட்கிறோம். தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் செத்த பிறகும் சாதிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. எத்தனை உபவாசம் இருந்தாலும், எத்தனை முழு இரவு ஜெபம் நடத்தினாலும், இது மாறாவிட்டால் நாம் வளர்ந்தோம் என்று எப்படிச் சொல்வது? ஆவியின் கனி என்று பவுல் எழுதின அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் ஆகியவற்றில் ஒன்றைக்கூடக் கூட்ட எண்ணிக்கையால் அளக்க முடியாது. ஒருவர் வளர்ந்திருக்கிறாரா என்று அறிய அவருடைய மனைவியைக் கேட்க வேண்டும், வேலைக்காரரைக் கேட்க வேண்டும், அவரிடம் கடன் வாங்கினவரைக் கேட்க வேண்டும்.

ஆயர் ஐயாமாரின் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு சேகரத்தில் பல சபைகள், ஞாயிற்றுக்கிழமை ஓர் ஊரில் ஆராதனை முடித்து அடுத்த ஊருக்குப் பைக்கில் ஓட வேண்டும். கல்யாணம், அடக்கம், பள்ளிக்கூடத்துப் பிரச்சினை, நிலத்து வழக்கு எல்லாம் அவர்கள் தலையில்தான். அதனால் எல்லாவற்றையும் ஆயரே செய்யட்டும் என்று நான் கேட்கவில்லை. அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளனை வீட்டுக்குச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அவனுக்கு 'அதிக திட்டமாய்' விவரித்துக் காட்டினவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். புருஷனும் மனைவியும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா இருக்கிறார், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து நூற்றுக்கணக்கானவர்களின் கடைசி நேரத்தைப் பார்த்தவர் இருக்கிறார், பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் போகிற, ஆனால் ஜெபத்தில் ஆழமான தாத்தா இருக்கிறார். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பெரியவராக ஞானஸ்நானம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு வருஷம் கூட நடக்க ஒருவரை நியமியுங்கள். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். வாரம் ஒருமுறை, சபையில்கூட வேண்டாம், வீட்டிலோ டீக்கடையிலோ உட்கார்ந்து பேசினால் போதும். மாட்டுத்தாவணியில் ராத்திரி மூட்டை தூக்குகிறவருக்கு ஞாயிறு காலை ஆராதனை தூக்க நேரம். அவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்காமல், அவருக்கு விடிகிற நேரத்தில் நாம் போக வேண்டும்.

இரண்டு பேரும் சேர்ந்து முதலில் மாற்கு சுவிசேஷத்தை வாசிக்கட்டும். பதினாறே அதிகாரம். வேகமாக முடிக்க வேண்டாம். வாசிக்கத் தெரியாதவர் கேட்கட்டும். எத்தியோப்பியா மந்திரி 'ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்டபோது பிலிப்பு அவனைக் குறை சொல்லவில்லை, ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். கூட நடக்கிறவருக்கும் பதில் தெரியாத கேள்விகள் வரும். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம். அது புதியவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். அப்படிக் கேட்டுச் சொல்ல நமக்கு ஓர் இடமும் இருக்கிறது. அரசரடியில் 1969 முதல் இறையியல் கல்லூரி இருக்கிறது. ஆயர்களாகப் போகிறவர்கள் அங்கே வருஷக்கணக்கில் ஆழமாகப் படிக்கிறார்கள். அங்கிருந்து ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள் மாதம் ஒரு சாயங்காலம் நம் சபைக்கு வந்து, யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வதாக இருந்தால் எப்படியிருக்கும்! தலைக்கட்டு வரியைப் பற்றியும் கேட்கலாம், லேவியராகமத்தைப் பற்றியும் கேட்கலாம்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவரை உடனே மேடைக்கு ஏற்றி, ஊர் ஊராகச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். ஒரே சாட்சியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது கைதட்டல் எங்கே வருகிறதோ அங்கே கதை வளர்ந்துவிடுகிறது, மனுஷன் வளருவதில்லை. ஒரு வருஷமாவது அவரை அமைதியாக இருக்க விடுங்கள். பவுலே மனந்திரும்பினவுடன் எருசலேமுக்கு ஓடவில்லை. அரபி தேசத்துக்குப் போனார், தமஸ்குவுக்குத் திரும்பினார், மூன்று வருஷம் கழித்துத்தான் பேதுருவைப் பார்க்கப் போனார்.

பழைய விசுவாசிகளும் இதில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. திடப்படுத்தல் என்று சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கிற ஆராதனைக்காகச் சின்ன வயதில் படித்ததோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐம்பது வயதில் வருகிற துக்கங்களுக்குப் பதினைந்து வயதில் கற்ற பாடம் போதாது. காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டிய உங்களுக்கு மறுபடியும் மூலப்பாடம் தேவையாயிருக்கிறது என்று எபிரெயர் நிருபத்தில் வருவது, புதிதாக வந்தவர்களுக்கு எழுதியதில்லை. நெடுநாள் விசுவாசிகளுக்கு எழுதியது. ஒரு புதியவரோடு மாற்கு சுவிசேஷத்தை வாசிக்கிற பழைய விசுவாசி, தான் எத்தனையோ தடவை கேட்டு மரத்துப்போன பகுதியைப் புதுக் காதால் கேட்பார். என் மருமகளோடு வாசித்தபோது, புயலை அமர்த்தின பகுதி வந்ததும் அவள் என்னிடம், 'அத்தை, இவ்வளவு கிட்ட இருந்தும் அவங்களுக்கு அவரு யாருன்னு தெரியலையா?' என்று கேட்டாள். அந்த வாரம் முழுதும் நான் அந்தக் கேள்வியோடுதான் ஜெபித்தேன்.

பவுல் 'நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்' என்று எழுதினார். மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. நட்ட பயிருக்குப் பெரியாற்றுத் தண்ணீர் எந்த நாளில் வரும், எந்த மடையைத் திறப்பது, யார் ராத்திரி வயலில் நிற்பது என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். நம் சபைகளில் நடுவதற்கு வரவு செலவுத் திட்டம் இருக்கிறது. நீர்ப்பாய்ச்சுவதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை, ஓர் ஆளின் பெயர்கூட எழுதவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கட்டடக் கணக்கு, சபை விருந்தான அசனப் பண்டிகைக் கணக்கு எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஐந்து நிமிஷம் என்றில்லாமல், முதல் பொருளாகவே இதை வைத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். கடந்த சில வருஷங்களில் ஞானஸ்நானம் எடுத்த பெரியவர்களின் பெயர்கள் சபைப் பதிவேட்டில் இருக்கும். அதை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். இவர் இப்போது எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார், கடைசியாக யார் இவரைப் போய்ப் பார்த்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்த வாரமே இரண்டு இரண்டு பேராகப் போய்ப் பாருங்கள். செல்லூர்த் தம்பியின் வீட்டு விலாசம் என்னிடம் இருக்கிறது. யார் வந்தாலும் நான் கூட வருகிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
மதுரையிலிருந்து